மூன்று பாய், ஆறு பேர்

1. திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கியதும் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.
2. புதிதாகத் தொடங்கப்போகும் நைட் ஷிஃப்டுக்கு என்னை லைன் லீடராகப் போடப்போவதாகச் சொன்னார்.
3. எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துக்கொண்டது.
4. பெருங்களத்தூரில் என்னோடு ஏறும் இரண்டு பெண்களும் நைட்டுக்கு வர வேண்டும் என்றார். மூன்று பெண்கள் சேர்ந்து ஏறினால்தான் ராத்திரியில் கம்பெனி வேன் அந்த ஸ்டாப்புக்கு வரும்.
5. மனதுக்குள் எங்கள் வீட்டுப் பாய்களை எண்ணிப் பார்த்தேன்.
6. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்றேன்.
7. "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். என்னால் விளக்க முடியவில்லை.

அவரிடம் விளக்க முடியாததை இங்கே விளக்குகிறேன். சென்னைக்கு வேலைக்கு வரப்போகும் பெண்களுக்கு உபயோகமாக இருக்கலாம்.

லைன் பேலன்ஸிங்

நான் டிப்ளமோ இ.சி.இ. படித்தவள். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். தாம்பரத்தில் மின்சார மீட்டருக்கான போர்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். சோல்டரிங் முடிந்து வரும் போர்டை ஜிக் என்ற சோதனைச் சட்டத்தில் மாட்டி, பாஸா ஃபெயிலா என்று பார்த்து, ஃபெயில் ஆனதை ரிவொர்க்குக்கு அனுப்புவது என் வேலை.

டிரெய்னிங்கில் முதலில் சொல்லிக்கொடுத்தது லைன் பேலன்ஸிங். ஒரு இடத்தில் போர்டுகள் குவிந்து கிடக்கும். பக்கத்து இடத்தில் ஆள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அப்படி ஆகாமல் வேலையைப் பிரித்துப் போடுவதுதான் அது. சும்மா இருக்கும் டேபிளுக்கும் சேர்த்துத்தான் கம்பெனி வாடகை கொடுக்கிறது என்று டிரெய்னிங் கொடுத்தவர் சொன்னார். அது மனதில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயம் நான், பிரேமா, வசந்தா மூவரும் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தோம். மூவரும் ஒரே லைன். ஹாஸ்டலில் கட்டில் ஒன்றுக்குக் கேட்ட காசில் எங்கள் ஊரில் மாடியோடு வீடு கிடைக்கும். தனி வீடு பார்க்கலாம் என்றால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வைக்க வேண்டும். மூன்று பேர் சம்பளத்தில் அது நடக்காது. ஆறு பேர் சேர்ந்தால் நடக்கும். ஆனால் ஆறு பெண்களுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள்.

அதே ஹாஸ்டலில் ஷகிலா என்று வேலூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். கால் சென்டர் வேலை, எப்போதும் நைட். அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் அவள் பெயர் ஷெல்லி. அவளோடு அதே வேலை செய்யும் இரண்டு பெண்கள். நாங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த மூவரும் கண் சிவக்க உள்ளே வருவார்கள். நாங்கள் திரும்பி வரும்போது தலை வாரிக்கொண்டு இருப்பார்கள். ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே யோசித்தேன்: இந்தப் பெண்களின் கட்டில் ராத்திரி முழுக்கச் சும்மா இருக்கிறது. எங்கள் கட்டில் பகல் முழுக்கச் சும்மா இருக்கிறது. ஆறு பேரும் ஆறு கட்டிலுக்குப் பணம் கட்டுகிறோம்.

கன்னியம்மாவின் கணக்கு

பெருங்களத்தூரில் கன்னியம்மா என்பவரின் வீட்டை ஒட்டி ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. ஹால், சமையலறை, பின்னால் குளியலறை. முன்பு நெல் விளைந்த நிலம் அவர்களுடையது. இப்போது கணவரும் மகனும் படப்பை ரோட்டில் மணல், ஜல்லி கடை வைத்திருக்கிறார்கள். பேரம் பேசுவதில் அந்த இருவரையும் கன்னியம்மா தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

நான் எதையும் மறைக்கவில்லை. ஆறு பேர், ஆனால் எந்த நேரமும் உள்ளே மூன்று பேர்தான் என்று சொன்னேன். ஷிஃப்ட் நேரத்தை ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மூணு தலைக்கு மேல படுத்தா வூடு வூடா இருக்காது, சத்திரமாப் பூடும். நான் எப்ப எட்டிப் பாத்தாலும் மூணு தலதான் இருக்கணும். நாலாவது தல பாத்தேன், அன்னிக்கே சாமான் வெளிய."

"சரிம்மா."

"சனி, ஞாயிறு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. இரண்டு பேட்ச்சுக்கும் சேர்ந்து லீவு வரும் நாள். கடைசியில் அந்த இரண்டு ராத்திரிக்கும் விலக்குக் கொடுத்தார். ஞாயிறு பகலில் மட்டும் முடியாது என்றுவிட்டார். ஞாயிறு அவர் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். வாசலில் ஆறு பெண்கள் நின்றால் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்களாம்.

ஆகவே ஞாயிறுதோறும் ஒரு பேட்ச் வெளியே போக வேண்டும். அதிகம் காசு செலவழிக்காமல் பகல் முழுக்க உட்கார நிழல் இருக்கிற இடம் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. டிக்கெட் மலிவு. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போவோம். ஒரு கட்டத்தில் நீர்யானைக்கு எங்களைப் பார்த்தாலே சலிப்பாகிவிட்டது, தண்ணீருக்குள் போய்விடும்.

வீடு நன்றாக நடந்தது. மூன்று பாய், மூன்று தலையணை. தலையணை உறையும் போர்வையும் அவரவருடையது. காலையில் கிளம்பும் பேட்ச் இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் போகும். மாலையில் கிளம்பும் பேட்ச் சோறு வடித்து வைக்கும். காலையில் இரண்டு பேட்ச்சும் வாசலில் சந்திக்கும் அரை மணி நேரத்தை கன்னியம்மா கண்டுகொள்ளவில்லை. அந்த நேரத்தில் ஃபேக்டரி மாதிரியே ஹேண்ட் ஓவர் நடக்கும். கேஸ் எவ்வளவு இருக்கிறது, பால் வந்ததா, ஷெல்லியை ராத்திரி திட்டிய அமெரிக்காக்காரர் யார், எல்லாம் அங்கேதான்.

கன்னியம்மா எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாரே தவிர அதிகம் பார்த்ததில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

முதல் முறையாக மாதக் கடைசியில் என் கையில் பணம் மிஞ்சியது. வீட்டுக்கு அனுப்பியது போக, வோல்டேஜ் சோதிக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். சொந்த மல்டிமீட்டர்.

மூன்று நாள், மூன்று யோசனை

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் மூவரும் நைட்டுக்குப் போனால் ராத்திரியில் வீட்டில் யாரும் இல்லை. பகலில் ஆறு தலை. நான் லீடர் ஆனால் ஆறு பேருக்கும் வீடு போகும். ஆகாவிட்டால் இரண்டு வருடம் காத்திருந்த பதவி போகும். அதற்கு முன் இரண்டு தடவை அது வேறு ஆட்களுக்குப் போயிருந்தது; அவர்களில் ஒருவருக்கு ஜிக் மாட்டவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

செவ்வாய் காலை ஹேண்ட் ஓவரில் விஷயத்தைச் சொன்னேன். பிரேமா நைட் அலவன்ஸைக் கேட்டதும் சரி என்றாள். வசந்தா யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஷகிலா செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"நீ லீடர் ஆகு. நாங்க மூணு பேரும் நீர்யானைகூடப் போய்ப் படுத்துக்கறோம்."

"நான் இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்லு. சொல்லாம விட்டேன்னு அப்புறம் வருஷம் பூரா மூஞ்சிய தூக்கி வச்சிட்டுத் திரிவ. அத யாரு பாக்கறது?"

பிறகு அவளே யோசனை சொல்ல ஆரம்பித்தாள். கோபம் இட்லி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும் பெண்.

முதல் யோசனை, அவளுடைய பேட்ச் ஷிஃப்ட் மாறுவது. டீம் லீடரிடம் கேட்டாள். அமெரிக்காவில் எப்போது பகலோ அப்போதுதான் நமக்கு வேலை, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொன்னாராம்.

இரண்டாவது, வேறு வீடு. செவ்வாய் மாலை நானும் வசந்தாவும் ஒரு புரோக்கரோடு சுற்றினோம். பெண்கள் என்றதும் சரி என்றவர்கள் நைட் ஷிஃப்ட் என்றதும் கதவைப் பாதி மூடினார்கள். மூடாத ஒருவர் சொன்ன வாடகையைக் கேட்டு நாங்களே மூடிவிட்டு வந்தோம்.

மூன்றாவது யோசனை பிரேமாவுடையது. எலெக்ட்ரிக் ரயிலுக்குச் சீசன் டிக்கெட் இருக்கிறது. தாம்பரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை லேடீஸ் கம்பார்ட்மென்டில் தூங்கலாம், அப்படியே திரும்பி வரலாம், பகலில் கூட்டம் இருக்காது என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஷகிலா சிரித்துவிட்டு, புதன்கிழமை காலை வேலை முடிந்ததும் நிஜமாகவே போய்ப் பார்த்தாள். போகும்போது நன்றாகத் தூங்கினாளாம். திரும்பும்போது கண் விழித்தால் மடியில் யாரோ ஒருவருடைய கைக்குழந்தை. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீ அசையாம தூங்கின, அதான் குடுத்தேன்" என்றாராம்.

இத்தோடு என் பட்டியல் முடிந்தது. புதன் இரவு ஒரு முடிவுக்கு வந்தேன். பதவியை விட்டுவிட்டு வீட்டைக் காப்பாற்றினால், அடுத்த பதவி எப்போது வரும் என்று தெரியாது. வீட்டை விட்டால், ஆறு பேரும் கையில் அட்வான்ஸோடு ஹாஸ்டலுக்குத் திரும்பலாம். நஷ்டம்தான், ஆனால் யாரும் தெருவில் நிற்கப்போவதில்லை. அதையும் ஷகிலாதான் சொன்னாள். அவளே சொன்னதால்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடிந்தது.

வியாழக்கிழமை

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கன்னியம்மாவிடம் போனேன். ஹாலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்கிறோம் என்றேன்.

"இன்னாத்துக்கு? வாடகை ஏத்திடுவேன்னு எவனாவது சொன்னானா?"

இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். லீடர் என்றதும் தலையை நிமிர்த்தினார்.

"எத்தினி பேருக்கு லீடரு?"

"இருபத்திரண்டு பேரு."

"ஆம்பளைங்களும் கீறாங்களா?"

"இருக்காங்கம்மா."

வெங்காயத்தை வைத்துவிட்டார். "அப்ப ராத்திரில உன் வூட்ல யாரும் இருக்க மாட்டீங்கோ."

"ஆமா. பகல்ல ஆறு பேர் ஆயிடுது. அதான்."

"பகல நான் கேக்கல. ராத்திரிய கேட்டேன்."

பிறகு அவர் தன் பிரச்சினையைச் சொன்னார். பேத்தி பத்தாம் வகுப்பு. ராத்திரி ஹாலில் தாத்தா டிவி வைத்தால் நிறுத்தமாட்டார். காது மந்தம், சத்தமும் அதிகம். மருமகள் தினமும் அதற்குச் சண்டை போடுகிறாள். பேத்தி மொட்டை மாடியில் உட்கார்ந்து கொசுக்கடியில் படிக்கிறாள்.

"மருமவளும் பேத்தியும் ராத்திரில உன் வூட்ல படிச்சிகினு அங்கயே படுத்துக்கட்டும். காலைல எயிந்து வந்துடுவாங்கோ. சனி, ஞாயிறு மட்டும் இங்கயே படுத்துப்பாங்கோ. பகல்ல பாரு, என் வூட்ல யாரு கீறா? ஆம்பளைங்க ரெண்டு பேரும் கடைக்குப் பூடுவாங்கோ. மருமவ ஸ்கூலு, டீச்சரு. பேத்தி ஸ்கூலு. நான் ஒருத்திதான் இந்த ஹால்ல குந்திகினு கீறேன். உன் பொண்ணுங்க மூணு பேரு இங்க படுக்கட்டும், மூணு பேரு அங்க."

அவர் வீட்டு ஹால் பகலில் காலியாக இருப்பதை தினமும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆறு பேரை மட்டுமே வைத்துக் கட்டம் போட்டதால், அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவே இல்லை.

"வாடகை?" என்றேன் மெதுவாக.

"அதே வாடகைதான். ராத்திரி கரண்டு நாங்க எரிக்கிறோம், பகல் ஃபேனு நீங்க ஓட்றீங்கோ. சரிக்குச் சரி. ஆனா இந்தூட்லயும் மூணு தலதான். நாலாவது தல..."

"சாமான் வெளிய."

"அவ்ளோதான். போ, வேலைக்கு நேரமாவுது."

வேலைக்குப் போய் மேனேஜரிடம் சரி என்றேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது என்றும் சொன்னேன். "ஹவுஸ் ஓனர்கிட்டயா? புரோமோஷனுக்கா?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் ஃபைலைத் திறந்தார்.

பகல் தூக்கம்

கன்னியம்மா ஹாலில் யார் படுப்பது என்பது அடுத்த கேள்வி. மதியம் அவர் சீரியல் பார்ப்பார், அதில் சமரசமே கிடையாது. ஷகிலாவின் பேட்ச் பல வருடம் நைட் பார்த்துப் பழகியது, இடி விழுந்தாலும் எழாது, அதனால் முதலில் அவர்கள்தான் அங்கே படுத்தார்கள். ஆனால் ஷகிலா தூக்கத்தில் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பாள். அதைக் கேட்டு கன்னியம்மா பயந்துவிட்டார். அதனால் நாங்கள் மூவரும் அங்கே மாறினோம். பாதித் தூக்கத்தில் கேட்டே அந்தச் சீரியலின் முழுக் கதையும் எனக்குத் தெரியும். ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

பேத்திக்கு ஒரு சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் சமையலறையில் மட்டும்தான் டியூப்லைட். ஹாலில் குண்டு பல்பு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கும் டியூப்லைட் மாட்டி, வயரிங் சரிபார்த்துக் கொடுத்தேன். மல்டிமீட்டருக்கு முதல் வெளிவேலை.

இந்த வேலையிலும் இந்த ஊரிலும் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் இடம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த நேரத்தில் இல்லை என்று திருப்பிக் கேளுங்கள். உங்களிடம் சும்மா கிடப்பது எது, பக்கத்தில் இருப்பவருக்கு அது தேவையா என்றும் கேளுங்கள். என்னைப் போல உங்கள் கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முடிவைச் சொல்லப் போகும் முன், பிரச்சினையைச் சொல்லப் போங்கள். நான் காலி செய்வதாகச் சொல்லத்தான் போனேன். கன்னியம்மா கேள்வி கேட்கிறவராக இருந்ததால் தப்பித்தேன்.

நைட் லைனில் ஒன்றரை வருடம் லீடராக இருந்தேன். இப்போது அதே தொழிற்சாலையில் டெஸ்ட் என்ஜினீயர், பகல் நேர ஜெனரல் ஷிஃப்ட். பிரேமா கல்யாணமாகி ஒரகடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் இடத்தில் ஒரு திண்டிவனத்துப் பெண் வந்திருக்கிறாள். வசந்தா இப்போது நைட் லீடர். ராத்திரி வேனில் என் இடத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஏறுகிறாள். பேத்தி பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். ராத்திரியில் போர்ஷனில் அவளும் அவள் அம்மாவும் நானும், மூன்று தலைதான். அட்வான்ஸ் இன்னும் கன்னியம்மாவிடம் இருக்கிறது, வாடகை ஒரே ஒரு தடவைதான் ஏறியது. ஆறு பேரும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.