விளக்கு ஓடும் மீன் ஓடும்

கூரை மாற்ற என்ன செலவாகும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும். எல்லாரும் ஓட்டின் விலையைத்தான் கேட்கிறார்கள். ஓடு வேறு, கூரை வேறு. ஓட்டைக் கடையில் வாங்கலாம். கூரையை எந்தக் கடையிலும் விற்பதில்லை. இது எனக்குப் புரிவதற்குள் ஒரு மழைக்காலம் வாசலுக்கே வந்துவிட்டது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில், கப்பல் சங்கு ஊதினால் அடுக்களைப் பாத்திரம் அதிரும் தூரத்தில் எங்கள் வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறையும் சமையற்கட்டும், மேலே நாட்டு ஓடு. மாமியார் விட்டுப்போன வீடு அது. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. என் வீட்டுக்காரர் ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டினார். அண்ணன், அதாவது என் மூத்தார், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அங்கேயே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. மழைநாளில் வந்தால் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து குடையை விரித்துக்கொள்வார். இடது கையில் குடை, வலது கையில் சோறு. எங்களைக் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, குழம்பில் தண்ணீர் சொட்டக்கூடாது என்று நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தார். மனுஷர் எதையும் விளையாட்டுக்குச் செய்ய மாட்டார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார். "பக்கத்து கிடங்குக்காரர் நல்ல வெல கேக்கறாரு. இத்த வித்துட்டா ரெண்டு பேருக்கும் ஆவும். இந்த மய வரைக்கும் பாக்கறேன். இந்த வாட்டியும் ஒயுகுச்சின்னா பொங்கலுக்கு வித்துடலாம். இன்னாம்மா சொல்ற?"

என்ன சொல்வது? நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடியில் ஒரு வாடகை வீட்டில். பல குடித்தனம், ஒரே குழாய். அந்தக் குழாய்க்குச் சொந்தக்காரி ஒருத்தி. நாங்கள் இரண்டாவது குடம் வைத்தால் அவள் பார்க்கிற பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. கல்யாணமாகி இந்த ஒழுகல் வீட்டுக்கு வந்த அன்று, என்னை யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது என்று நினைத்துத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுபடியும் ஒருத்தியின் குழாயடியில் குடத்தோடு நிற்பதைவிட நானே தோள்மேல் கூரையைச் சுமந்துகொண்டு நிற்பேன் என்று தோன்றியது. ஆனால் மூத்தாரிடம் அப்படியெல்லாம் பேச முடியுமா? "சரிங்க மாமா, மயக்குள்ள மாத்திடறோம்" என்று மட்டும் சொன்னேன்.

மாதாமாதம் கட்டிவந்த சீட்டை அவசரமாக ஏலத்தில் தள்ளி எடுத்தேன். நாட்டு ஓட்டைக் கழற்றிவிட்டு மங்களூர் ஓடு போடுவது என்று முடிவு. கடையில் ஓட்டின் விலையைக் கேட்டு, வீட்டின் நீள அகலத்துக்குக் கணக்குப் போட்டேன். கையில் இருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. மீதியில் எனக்கு ஒரு புடவைகூட எடுக்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன். பிறகு மேஸ்திரி வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஒரு கழியால், ஓட்டைத் தாங்குகிற கைமரத்தைத் தட்டினார். சதுரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். நூறு சதுர அடியைத்தான் அவர்கள் சதுரம் என்பார்கள். அவர் சொன்னது என் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பகல் கொள்ளை என்று கத்தி அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் குறைவாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம். மரமும் ஆணியும் அதில் சேர்ந்ததா என்று கேட்டேன். "அது உங்களுதும்மா" என்றார் அமைதியாக. அதோடு முதல் மேஸ்திரியையே தேடிப் போய் வெற்றிலைபாக்கு வைத்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் என் கத்தலை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டாரோ என்னவோ, தொகையை மட்டும் குறைக்கவில்லை.

ஓட்டுக்கு ஒரு பங்கு என்றால், கைமரத்துக்கும் அதன்மேல் குறுக்கே அடிக்கிற ரீப்பர் சட்டத்துக்கும் ஏறக்குறைய இன்னொரு பங்கு ஆகும். ஆள்கூலி இன்னொரு பங்கு. அதற்கும் மேலே, பழைய ஓட்டை இறக்கினால்தான் தெரியும் என்று ஒரு பங்கு இருக்கிறது. அதை எந்த மேஸ்திரியும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் அது சமையற்கட்டுக்கு மேலே இருந்த உத்தரம். வெளியே பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஓட்டை இறக்கிவிட்டு மேஸ்திரி கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. முழுக்கச் செல் அரித்திருந்தது. மரவாடிக்கு ஓடினேன். கடல்காற்றில் சாதா ஆணி இரண்டு வருஷம் தாங்காது, கப்பல் வேலைக்கு வாங்குகிற ஆணிதான் வேண்டும் என்றார்கள். அதற்கு வேறு ஒரு செலவு.

கூரையில்லாமல் கிடந்த வீட்டைக் காப்பாற்றியது காசிமேட்டு அக்கா. தினமும் எங்கள் தெருவில் மீன் விற்க வருவாள். திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டு அன்று மாலையே தன் ஆட்களோடு கட்டுமரத்துப் பழைய பாய்த்துணியைச் சுமந்துகொண்டு வந்தாள். வீடு முழுக்க மீன்வாடை. அதற்கு வாடகை என்ன வேண்டும் என்று கேட்டேன். "துட்டு யாருக்கு வோணும்? எறக்கின ஓட்டுல நல்லதா பாத்து குடு. என் அடுப்பங்கரைக்கு ஆவும்" என்றாள். இறக்கிய ஓட்டைத் தூக்கிப்போட ஆளும் வண்டியும் பேச வேண்டியிருக்குமே என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது வரமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒரு சாதனை செய்தார். ஹார்பரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கப்பலில் வந்து இறங்கிய எதுவும் மலிவு, கடைக்குப் போய் வாங்குகிறவன் ஏமாளி. எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் அப்படி மலிவாக வந்த ஜோடியில்லாத கோப்பையும், மூடி சேராத டப்பாவும் இருக்கும். இவர் கூரையையே அப்படி வாங்கினார். உடைந்ததும் உடையாததுமாக, கேட்பாரற்றுக் கிடந்த ஓட்டுக் குவியலை ஒரு தரகரிடம் பேசி முடித்து, கைவண்டிகளில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்.

"இன்னாமே பாக்கற? கப்பல்ல வந்த சரக்கு. கடைக்கு போனா இதுக்கே தோல உரிச்சிருப்பான்" என்று மார்தட்டினார். உண்மையைச் சொன்னால் நானும் பூரித்துப்போனேன். உத்தரம் வாங்கிய காசு இதில் வந்துவிட்டது என்று வாசலில் நின்று கற்பூரம் காட்டினேன்.

மறுநாள் மேஸ்திரி ஓடு பரப்ப ஆரம்பித்தார். ஒரு வரிசை சரியாக உட்கார்ந்தது. அடுத்ததில் ஓர் ஓடு தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் தட்டி உட்கார வைத்தால் பக்கத்து ஓடு எழுந்தது. நாலாவது வரிசையில் கை நுழையும் சந்து. மேஸ்திரி ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் விளக்கு முத்திரை. இன்னொன்றில் மீன் முத்திரை.

"ரெண்டு கம்பெனி ஓட கலந்து எடுத்துகினு வந்துகீறாரும்மா. இதோட காடி, இந்த பள்ளம், அதுல மாட்டாது. நீளமும் அரை விரக்கடை முன்ன பின்ன கீது. இப்டியே போட்டா தண்ணி உள்ள வர்றதுக்கு நாமளே வழி போட்ட மாறி ஆயிடும்" என்றார்.

அன்றைக்கென்று மூத்தார் வந்தார். தனியாக வரவில்லை, கிடங்குக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிடங்குக்காரர் அண்ணாந்து பாய்த்துணியைப் பார்த்தார், முற்றத்தில் கிடந்த ஓட்டுக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூத்தார் குடையை ஊன்றியபடி நின்றுவிட்டுப் போய்விட்டார். கிழக்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் கூசும். அவர் குனிந்து உடைசலைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே முற்றத்தில் உட்கார்ந்து ஓட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். எத்தனை நல்லது, எத்தனை உடைசல் என்றாவது பார்த்து, போன விலைக்கு விற்றுவிடலாம் என்று எண்ணம். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்காவும் உட்கார்ந்தாள்.

"உன் வூட்டுக்காரரு ஓடா வாங்கினாரு? ஹார்பரையே பேத்து எடுத்துகினு வந்துகீறாரு" என்றாள். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மீனைத் தரம் பிரிக்கிற கை அவளுக்கு. பேசிக்கொண்டே விளக்கை ஒரு பக்கமும் மீனை ஒரு பக்கமுமாகத் தள்ளினாள். பொழுது சாய்வதற்குள் முற்றத்தில் இரண்டு குவியல் நின்றது. விளக்குக் குவியல் கொஞ்சம் சிறியது. மற்றபடி ஏறக்குறைய சமம்.

இரண்டு குவியலுக்கும் நடுவில் ஒரு பாதை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தேன். நடுவில் முகடு, இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு.

"மேஸ்திரி," என்று கத்தினேன். அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். "தெருப் பக்கத்து ஓடும் கொல்லைப் பக்கத்து ஓடும் எங்கியாச்சும் ஒண்ணோட ஒண்ணு மாட்டுதா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. முகட்டு ஓடுதான் ரெண்டுத்தையும் மூடும். அத்த சுண்ணாம்புல பூசிடுவோம்" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகமும் மலர்ந்தது. தெருப் பக்கம் முழுக்க மீன், கொல்லைப் பக்கம் முழுக்க விளக்கு. ஒரு பக்கத்து ரீப்பரை மட்டும் பிடுங்கி இடைவெளி மாற்றி அடிக்க வேண்டும். அதற்குக் கூலி தனி என்று அப்போதும் சொல்ல மறக்கவில்லை.

பற்றாக்குறையாக இருந்த விளக்கு ஓட்டைத் தேடும் வேலை என் வீட்டுக்காரருக்கு. மாதிரிக்கு ஓர் ஓட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். கப்பல் சரக்கைத் தவிர எதையும் தொடாதவர், கடைக்காரன் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. கால் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

கடைசி முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசி அது காய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அது. இடியும் காற்றுமாகக் கொட்டுகிற மழையில் மூத்தார் குடை இருந்தும் நனைந்துகொண்டே வந்தார். வேட்டியைப் பிழிந்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டேன். பழக்கதோஷம், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் குழம்பை ஊற்றினேன், என் வீட்டுக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் அவர் கை நின்றது. அண்ணாந்து பார்த்தார். குடையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு குடையை மடக்கித் தரையில் வைத்துவிட்டு, எழுந்து, எச்சில் கையோடு பின்னறைக்குப் போனார். சமையற்கட்டு வரை போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எம்மாம் ஆச்சும்மா?" என்றார்.

ஓடு, மரம், ஆணி, கூலி, உத்தரம், திரும்ப அடித்த ரீப்பர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். சீட்டு முழுக்கப் போய்விட்டது, புடவைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிடங்குக்காரரைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் ரசம் கேட்டார்.

கை கழுவிவிட்டு வந்தவர் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "ரிட்டயர் ஆயிட்டா குவார்ட்டர்ஸ காலி பண்ண சொல்லிடுவான். அப்பால நான் எங்க போறதுன்னு யோசனையா கீது. அதான் வித்து ஒரு பங்கு கையில வெச்சிக்கலாம்னு பாத்தேன்." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "கொல்லப் பக்கத்து ஓட்டுக்கு கீய ஒரு கட்டில் போட எடம் கெடைக்குமாம்மா?"

அவருக்கும் என்னைப் போலவே எழுந்து போ என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இருந்திருக்கிறது. அது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், தரையில் கிடந்த குடையை எடுத்து வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

"உங்க வூடு மாமா, நீங்க இன்னா கேக்கறது?" என்றேன். "ஆனா கொடைய இங்கதான் மாட்டணும், உள்ள எடுத்துகினு போக கூடாது."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.