நான்காம் ஜன்னல்

தொட்டியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரும் விருந்தினர்கள் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி, அவளுடைய அறைக்குள் எட்டிப் பார்த்து, "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்? சுவரோரம் நீளமாக ஓர் இயந்திரம், அதில் வரிசையாக ஆறு கண்ணாடி ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்புச் சூட்டில் உப்புநீர். மீன் நீந்த வேண்டிய இடத்தில், ஒரு பிடியில் மாட்டிய இதய வால்வு துடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை வெட்டி, மூன்று இதழ்களாகத் தைத்துச் செய்த வால்வுகள் அவை. மனிதருக்குள் வைத்தால் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்காக வருடக்கணக்கில் யார் காத்திருப்பது? இயந்திரம் தண்ணீரை நொடிக்குப் பதினைந்து முறை தள்ளி இழுக்கும். நெஞ்சுக்குள் ஒரு வருடத்தில் நடக்கும் துடிப்பு அங்கே ஒரு மாதத்தில் முடிந்துவிடும். இருபது கோடி துடிப்பைத் தாண்டினால் ஐந்து வருடம் தாங்கும் என்று அர்த்தம்.

அந்த வேகத்தில் இதழ்கள் வெறும் மூட்டமாகத்தான் தெரியும். அதனால் விட்டுவிட்டு மின்னும் ஒரு விளக்கு உண்டு. அதன் திருகைச் சரியாகத் திருப்பினால், பறந்துகொண்டிருக்கும் இதழ்கள் நிதானமாகத் திறந்து மூடுவது போலத் தோன்றும். புதிதாக வந்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் குமட்டிக்கொண்டு வரும். தொட்டியக்கா பதினாறு வருடமாக அங்கேயே உட்கார்ந்து மதியச் சாப்பாடும் சாப்பிடுகிறாள். கல் நெஞ்சுக்காரி என்பார்கள். கல்யாணம் கட்டிக்கொள்ளாததற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். ஊர் வாய்க்கு மூடி ஏது?

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, தங்கையை வளர்த்தது இவள்தான். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் 'தாய்' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள். அந்தத் தங்கைக்கு வால்வு சுருங்கிப்போய், இரண்டு வருடம் பதினோரு மாதத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து புதிய வால்வு வைத்தார்கள். இந்தக் கூடத்தில் செய்ததுதான். "உன் கம்பெனி சரக்குக்கா. கெட்டுப்போனா உன்னத்தான் புடிப்பேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னாள்.

வம்பு தொடங்கியது இந்த வருடம்தான். ஓர் உறையை வெட்டினால் இரண்டு வால்வு தைக்கலாம். ஒன்று நோயாளிக்குப் போகும், அதன் ஜோடியைக் குப்பியில் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். அப்படி வைத்திருந்த ஜோடிகளில் ஆறை எடுத்து இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் கூடத்தின் தலைவர். எல்லோருக்கும் அவர் பெரியவர். பட்டியலைப் பார்த்த தொட்டியக்காவின் கை அப்படியே நின்றது. நான்காம் ஜன்னலுக்கு எழுதியிருந்த எண், தங்கையின் கைப்பையில் இருக்கும், ஆஸ்பத்திரி தந்த வால்வு அட்டையின் எண்ணுக்கு ஜோடி. ஒரே மாடு, ஒரே உறை. ஒரு பாதி தங்கையின் நெஞ்சில், மறுபாதி இந்தத் தண்ணீரில்.

அன்றிலிருந்து மற்ற ஐந்தும் அவளுக்கு வெறும் வால்வு. நான்கு மட்டும் தங்கை. விளக்கின் திருகைத் தங்கையின் நாடித் துடிப்புக்கு, நிமிடத்துக்கு எழுபத்திரண்டுக்கு, திருப்பி வைத்தாள். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் நான்காம் ஜன்னல் முன்னால் போய் நிற்பாள். தண்ணீருக்குள் இருந்த தங்கை, வெளியே இருந்தவளைவிட வேகமாக வயதேறிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் முந்தியும் போய்விட்டாள். இனி வரப்போகும் நாட்களைத்தான் இந்தக் கண்ணாடி வழியே பார்க்கிறோம் என்று தொட்டியக்காவுக்குத் தெரியும். தெரிந்த பிறகு தூக்கம் எங்கே வரும்?

மூன்றாம் மாதத்தில் மூன்றாம் ஜன்னலின் வால்வு கிழிந்தது. பதினோரு கோடித் துடிப்பில், தையல் ஓரமாக ஓர் இதழ் இரண்டாகப் பிளந்து தொங்கியது. பெரியவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, "இது பிடி நசுக்கினதா இருக்கும். பொருத்தும்போது நடந்த சேதம்னு எழுதிடலாமா?" என்றார். வேறு சமயமாக இருந்தால் அவள் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருப்பாள். அன்று, "எழுதிடுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டாள். நான்கு நன்றாக இருந்தது. அவளுக்கு அது போதும். கிழிந்ததைப் பிடியோடு சேர்த்து ஒரு ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

காலியான மூன்றாம் ஜன்னலை ஒரு மூடி போட்டு அடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தொந்தரவு. நான்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கண்ணின் ஓரத்தில் மூன்றாம் ஜன்னலுக்குள் ஏதோ திறந்து மூடும். திரும்பிப் பார்த்தால் வெறும் தண்ணீர். விளக்கு செய்யும் வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நாற்காலியை அந்தப் பக்கம் முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் மதியம் மின்சாரம் தடைப்பட்டு இயந்திரம் நான்கு நிமிடம் நின்றது. ஐந்து ஜன்னலிலும் இதழ்கள் பாதி திறந்தபடி அசையாமல் தொங்கின. அந்த நான்கு நிமிடத்துக்குள் போன் அடித்தது. தங்கை.

"என்னமோ தெரியலக்கா, உன் குரலைக் கேக்கணும் போல இருந்துச்சு. நெஞ்சுல யாரோ கைய வச்சு அமுக்கின மாதிரி."

"இப்ப எப்படி இருக்கு?"

இயந்திரம் உறுமிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது.

"இப்ப பரவாயில்ல" என்றாள் தங்கை.

அதோடு தொட்டியக்காவுக்கு நம்பிக்கை கெட்டியாகிவிட்டது. நான்கு ஓடும்வரை தங்கையும் ஓடுவாள். படித்த பெண் இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் அந்த நாற்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

இருபது கோடி ஆனது. "நிறுத்திடும்மா, அடுத்த ஆறு காத்துக்கிட்டிருக்கு" என்றார் பெரியவர். திங்கட்கிழமை தெர்மாமீட்டர் சரியில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை படம் எடுக்கும் கருவி சரியில்லை என்றாள். புதன்கிழமை பெரியவர் அவளையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அன்று மாலை தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பைத்தியமாக்கா நீ? நாளைக்கு நானே வரேன். நானே நிறுத்துறேன். அப்புறமும் நான் நின்னுக்கிட்டு இருந்தா எனக்கு ஒரு காபி வாங்கிக் குடு."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "உங்க படிக்கட்டு வளந்துடுச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீதியை ஏறினாள். அறைக்குள் வந்ததும் அவள் கண் முதலில் போனது அலமாரியில் இருந்த ஜாடிக்கு.

"இதுக்கு என்னாச்சு?"

"அத விடு. அது வேற யாரோடதோ."

நான்காம் ஜன்னல் முன்னால் தங்கை குனிந்து நின்றாள். மின்னும் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. மூன்று இதழ்களும் அவளுடைய சொந்த நாடியின் வேகத்தில் திறந்து மூடின. பிறகு தங்கை ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறு கையால் பொத்தானை அமுக்கினாள்.

உறுமல் அடங்கியது. மின்சாரம் நின்ற அன்றுகூட அந்த அறையில் அவ்வளவு அமைதியைத் தொட்டியக்கா கேட்டதில்லை. இதழ்கள் ஒருமுறை அலைந்து, மூடி, நின்றன.

"நிக்கலக்கா" என்றாள் தங்கை, நெஞ்சைத் தட்டிக் காட்டி. "காபி அடுத்த தடவ. நான் மெதுவா இறங்குறேன், நீ வேலைய முடி."

தொட்டியக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐந்து மாதமாக மனதில் கிடந்த பாரம் இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான்காம் வால்வை வெளியே எடுத்து, முதல்முறையாகப் பிடியிலிருந்து கழற்றினாள். வால்வின் எண் வளையத்தின் அடியில் இருக்கும். கழற்றினால்தான் தெரியும். பதிவேட்டில் எழுதப் பேனாவைத் திறந்துகொண்டு எண்ணைப் படித்தாள்.

அது தங்கையின் ஜோடி எண் இல்லை.

மறுபடி படித்தாள். அந்த எண் மூன்றாம் ஜன்னலுக்கு எழுதியிருந்த எண். அப்போதுதான் எட்டாம் நாள் நினைவுக்கு வந்தது. முதல் பரிசோதனை. ஒரு சமயத்தில் ஒரு வால்வைத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் எண் ஜன்னலுக்குத்தான், பிடிகளுக்கு இல்லை. புதிதாக வருபவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். அன்று மூன்றாம் வால்வு தட்டில் கிடக்கும்போதே, தங்கையுடையது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில் நான்காவதையும் எடுத்துவிட்டாள். இரண்டும் ஒரே தட்டில், ஒரே மாதிரி. திருப்பி வைக்கும்போது மாற்றி வைத்திருக்கிறாள்.

அலமாரிப் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனாலும் போனாள். ஜாடியைத் திறந்தாள். கிழிந்த வால்வைப் பிடியிலிருந்து கழற்றியபோது பிளந்த இதழ் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. வளையத்தைத் திருப்பினாள். மனப்பாடமாகத் தெரிந்த எண். பிடி எதையும் நசுக்கவில்லை. தையல் ஓரத்தில் உறை மெலிந்திருந்தது, பார்த்தவுடனே தெரியும்படி. அன்றைக்கே பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பதினோரு கோடி. வருடத்துக்கு மூன்றே முக்கால் கோடி. இரண்டு வருடம் பதினோரு மாதம். கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் மாடித் திருப்பத்தில், காவலாளியின் காலி நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

"ஓடி வந்தது நீ, மூச்சு வாங்குறது எனக்கு" என்று சிரிக்கப் பார்த்தாள். "ஏறினதுல வாங்கின மூச்சு இன்னும் அடங்கலக்கா. ஒரு வாரமாவே கொஞ்சம் இப்படித்தான். சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல."

தொட்டியக்கா போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அடுத்து அறுவை சிகிச்சை செய்த டாக்டரைக் கூப்பிட்டு, "வால்வு கிழியுது, கூட்டிட்டு வரேன், தயாரா இருங்க" என்றாள். படியிலேயே உட்கார்ந்து தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாலு நல்லாத்தானேக்கா ஓடுச்சு?"

"நாலு நம்மளது இல்லடி. ஜாடில இருக்கறதுதான் நம்மளது. நான்தான் மாத்தி வச்சுட்டேன். கிழிஞ்சதப் பாத்தும் வேற யாரோடதோன்னு விட்டுட்டேன்."

தங்கை அண்ணாந்து பார்த்தாள். மேலே, யாரும் அணைக்காமல் விட்டு வந்த விளக்கு மின்னுவது படிக்கட்டுச் சுவர்வரை தெரிந்தது.

"அப்ப அந்த நாலு யாரோடது?"

"தெரியல. வேற யாரோடதோ."

"அவங்களாவது நல்லா இருக்கட்டும்" என்றாள் தங்கை.

தொட்டியக்காவின் விரலுக்கடியில் நாடி ஓடியது, சறுக்கியது, மறுபடி ஓடியது. வெளியே சைரன் கேட்கும்வரை அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தாள்.