பூங்காவில் நிற்கும் ஏழுமலையின் படகு

இந்தப் பதிவுக்காகக் காலையில் ரயிலிலேயே எழுதி வைத்த வரிசை:
1. படகு சென்னைப் பூங்காவுக்குப் போன கதை.
2. இன்று அதைக் கேட்டு வாங்கப் போவது.
3. இந்த வாரமே படகு ஏரியில் இறங்கும்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஏரியில் மீன் இல்லாமல் கிடந்த நேரம். கோட்டைக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டு ஏழுமலை, நகரத் தோட்டங்கள் பற்றிய கலைக் கண்காட்சிக்குத் தன் மரப்படகை இரவல் கொடுத்தார். “பத்திரமாகத் திரும்பி வரும்” என்று சொன்னவன் நான்.

இப்போது முகத்துவாரம் திறந்துவிட்டது. பொன்னேரியில் ரயிலேறிப் பூங்காவுக்குப் போனோம்.

படகு நிறைய மண்ணும் செவ்வந்தியும். அடிப்பலகை முழுக்கத் துளைகள்.

“தண்ணி தேங்கினா வேர் அழுகிடும்ணா” என்றார் கண்காட்சிக்காக அதைப் பூந்தொட்டியாக வடிவமைத்த பெண். எங்களுக்கு டீ வாங்கித் தந்தார்.

ஏழுமலை குனிந்து ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தார்.

“இன்னா சார் இது? இத்தினி வருசமா தண்ணி உள்ள வராம பாத்துக்கினேன். அது வெளிய போறதுக்கு வழி பண்ணிக்கீறாங்க.”

“அடைக்க முடியாதா?” என்றேன்.

“சல்லடைய எப்டி சார் அடைக்கிறது?”

திரும்பும்போது ரயிலில், அவர் இனி எதில் ஏரிக்குப் போவார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. செவ்வந்தி மட்டும் நன்றாகப் பூத்திருக்கிறது. படம் வேண்டுபவர்கள் கேளுங்கள்.