கட்டிக்குத் தகப்பன் கேட்டார்கள்

என் கணவர் தோல் வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுத ரங்கூனுக்குக் கப்பலேறி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆம்பூர் வீட்டில் நானும் மாமியாரும்தான். அப்போதுதான் என் வயிறு பெருக்க ஆரம்பித்தது. முதலில் இடப்பக்கம் அடிவயிற்றில் ஒரு கனம். பிறகு கொசுவம் நிற்கவில்லை. மாதவிலக்கு மட்டும் தவறவில்லை. கொல்லையில் துணி காய்வதை மாமியாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தும் ஒருநாள் கிணற்றடியில், தெருப்பெண்கள் முன்னால் கேட்டார்.

“எம் புள்ள கடலுக்கு அந்தாண்ட இருக்கான். இது இன்னாடி? யாரோடது?”

“வலிக்குது அத்தே. டாக்டர்கிட்ட கூட்டிம்போங்க.”

மருத்துவச்சியைத்தான் கூட்டிவந்தார். கலைப்பதற்குக் கஷாயம். மறுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றினார்கள். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வயிறு அப்படியே இருந்தது. கஷாயத்துக்கும் கரையாத பாவம் என்று சொல்லி வாசலில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

சேதி கேட்டு விரிஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் வந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியில் படுக்கவைத்து வேலூருக்கு, பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே வெள்ளைக்கார டாக்டரம்மா வயிற்றை அறுத்துக் கட்டியை எடுத்தார்.

கண் விழித்ததும் நர்ஸ் சொன்னாள்: “சினைப்பையில வர்ற கட்டிம்மா. சிலருக்கு வெறும் தண்ணி இருக்கும். சிலருக்குக் கோந்து மாதிரி கொழகொழன்னு. சிலருக்குப் பழைய ரத்தம் கட்டிப்போய் இருக்கும். உன்னுதுல கொழுப்பும் முடியும், ஒரு பல்லும் இருந்துச்சு.”

“பல்லா? அப்போ புள்ளையா?”

“இல்லம்மா. சினையே தப்பா வளர்றது. ஆம்பள வாசனையே தெரியாத பொண்ணுக்கும் வரும். ஏன் வருதுன்னு டாக்டரம்மாவுக்கே முழுசாத் தெரியாது. நீ செஞ்சது எதுவும் காரணமில்ல.”

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, தையல் தெறித்துவிடும் போல.

முடியும் பல்லும் என்ற சேதி ஆம்பூருக்கு எப்படியோ போய்விட்டது. கள்ளப்பிள்ளை என்றவர்கள் இப்போது பேய்ப்பிள்ளை என்றார்கள்.

கணவர் ஊர் திரும்பி, அண்ணன் வீட்டுக்கு வந்தார். வலி இருக்கிறதா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

“இனிமே புள்ள பொறக்குமா?”

“கட்டியோட ஒரு சினைப்பையை எடுத்துட்டாங்க. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்குப் பெத்துத்தர மாட்டேன். போங்க.”

போனார். வேறு கல்யாணமும் செய்துகொண்டார். முதல் பெண்டாட்டியைப் பேய் பிடித்திருந்தது என்று பெண் வீட்டாரிடம் சொன்னார்களாம். நோய் என்று சொல்ல ஆம்பூர் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.