கிணற்றுக்கும் வீட்டுக்கும் இருநூறு அடி

ரிஷிவந்தியத்திலிருந்து மணலூர்பேட்டை போகும் சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒற்றை வீடு ஒன்று உண்டு. 1987-இல் அந்த வீட்டில் கொளஞ்சியப்பனும் அவர் மனைவி அம்சவள்ளியும் இருந்தார்கள். அம்சவள்ளிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எட்டாவது வரை படித்தவள். எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் ரேடியோவைக் கழற்றி மாட்டியபோது ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. ரேடியோ நன்றாகத்தான் பாடியது. அப்படியானால் அந்தத் திருகாணி எதற்கு என்று ஒரு மாதம் புருஷனின் உயிரை எடுத்தாள்.

அந்த வருஷம் ஆவணியில்தான் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் வாங்கினார்கள். கிணறு வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி இருந்தது. வீட்டு மெயின் பாக்ஸிலிருந்து கிணற்றுக்கு லைன் இழுக்கக் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து இளவரசன் என்ற வயர்மேன் வந்தான். சவுக்குக் கழிகளை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் அலுமினியக் கம்பியை இழுத்துக்கொண்டு போனான். அம்சவள்ளி பின்னாலேயே நடந்தாள்.

"இதுல கரண்டு போவுது, அதுல இன்னா போவுது?"

"அது திரும்பி வர வழிங்கம்மா."

"போனது ஏன் திரும்பி வரணும்? மோட்டாரு அத்த தின்னுடாதா?"

இளவரசன் சிரித்தான். பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தப்போகிறார்கள், மறுநாளிலிருந்து பஸ் ஓடாது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஆனால் அலுமினியக் கம்பி கிணற்றுக்கு ஐம்பது அடி இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. பையில் பழைய செப்புக் கம்பி கொஞ்சம் கிடந்தது. அதை எடுத்து நான்காவது கழியில் முறுக்கி இணைத்து, டேப் சுற்றினான். மோட்டார் ஓடியது. கிணற்று மேட்டில் ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தான்.

"மறியல் முடிஞ்சதும் வந்து ஒரே கம்பியா மாத்திட்றேங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மறுநாள் கொளஞ்சியப்பன் மறியலுக்குப் போனார். புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே சாய்ந்தன. அவரையும் ஊரார் பலரையும் போலீஸ் லாரியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோய்விட்டது. அம்சவள்ளி வீட்டில் தனியாக இருந்தாள். மூன்றாம் நாள் நல்ல மழை. அதற்கடுத்த நாள் காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் உம்மென்று முனகியதே தவிர சுற்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். மறியலையும் மீறி முந்தின நாள் கிளம்பிய திருவண்ணாமலை பஸ்ஸின் கண்டக்டர், பெயர் சுப்புராயன். முன்னாலும் பின்னாலும் மரம் விழுந்ததில் பஸ் அரை மைல் தூரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நடக்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். குழந்தைகுட்டிகளோடு முப்பது பேர் மிச்சம்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

கிணறு அறுபது அடி ஆழம். மோட்டாருக்குக் குழாய் இறக்கும்போது ராட்டினத்தைக் கழற்றிப் போட்டாயிற்று. இரண்டு பேரும் கையாலேயே கயிற்றைப் பிடித்து நாலு குடம் சேந்தினார்கள். அதற்குள் சுப்புராயனின் உள்ளங்கை உரிந்துவிட்டது.

அம்சவள்ளி டெஸ்டரை எடுத்து வந்து கிணற்றங்கரை சுவிட்சில் வைத்தாள். எரிந்தது. பல்பைப் போட்டாள். அதுவும் பளிச்சென்று எரிந்தது.

"கரண்டு வருதே. அப்ப மோட்டாருதான் போச்சு" என்றார் சுப்புராயன்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சுங்களே. புது மோட்டாரு."

அவள் மோட்டாரைப் போட்டாள். உம்மென்ற அதே முனகல். தற்செயலாகப் பல்பைப் பார்த்தாள். பல்பு மின்மினி போல் ஆகிவிட்டிருந்தது. உடனே அணைத்தாள். பல்பு மறுபடி பளிச்சென்றது. திரும்பவும் போட்டாள். மங்கியது.

"வூட்டு பல்பும் இதே மாரி மங்குதான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

சுப்புராயன் வீட்டுக்கு நடந்தார். அங்கிருந்து கத்தினார்: "எரியுதுங்க!"

அவள் மோட்டாரைப் போட்டு, "இப்ப?" என்று கூவினாள்.

"அப்டியேதான் எரியுது!"

"மங்கலயா?"

"இல்லீங்க, இம்மியும் மங்கல!"

அவள் அணைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் கரண்டு குறையவில்லை. கிணற்றில் குறைகிறது. அப்படியானால் நடுவில் எங்கேயோ அடைத்துக்கொள்கிறது. சின்ன பல்புக்கு வேண்டியது கசிந்து வந்துவிடுகிறது, மோட்டார் ஒரே வாயில் நிறையக் கேட்கும்போது வரமுடியவில்லை. மடையில் செத்தை அடைத்துக்கொண்டால் ஒரு செடிக்குத் தண்ணீர் போகும், கொல்லை முழுக்கப் பாயாது. இதுவும் அப்படித்தானோ என்று தோன்றியதும் எழுந்து கம்பியைப் பார்த்தபடியே நடந்தாள். முதல் கழி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது கழியின் கீழே நின்றதும் மூக்கில் ரப்பர் தீய்ந்த நெடி ஏறியது. மேலே டேப் உருகி, கருப்பாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் லைனில் கரண்டு வராதபடி மெயின் பாக்ஸில் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"அது எதுக்கு மடியில?" என்றார் சுப்புராயன்.

"நான் கம்பியில கைய வெக்கிறப்ப யாராவது மாட்டிட்டா?"

"வேணாங்க. வயர்மேன் வரட்டும்."

"அவரு எப்டி வருவாரு, பறந்தா? ஏணியப் புடிங்க."

ஏணியில் ஏறி, டெஸ்டரை வைத்துப் பார்த்தபிறகே தொட்டாள். இணைப்பு இன்னும் சூடாக இருந்தது. பிரித்தபோது அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது. செம்பு கருத்திருந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு கம்பியின் இணைப்பும் அதே மாதிரி கெட ஆரம்பித்திருந்தது. கெட்டதை வெட்டி, கத்தியால் பளபளவென்று சுரண்டி, குறட்டால் இறுக்கி முறுக்கினாள். வீட்டிலிருந்த சைக்கிள் ட்யூபை வெட்டி மழை இறங்காதபடி கட்டினாள்.

பீஸ் கட்டையை மாட்டி சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு குதி குதித்துச் சுற்றியது. குழாயில் முதலில் காற்று, பிறகு செந்தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். சுப்புராயன் சட்டையோடு போய்க் குழாயடியில் நின்றுகொண்டார்.

அடுத்த மூன்று நாள் அந்தக் குழாயடியில் பஸ் ஜனங்களும், லாரிக்காரர்களும், மறியல் செய்தவர்களும், காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் குடித்தார்கள். தினமும் இரண்டு தடவை அவள் மோட்டாரை நிறுத்தி, பீஸ் கட்டையைப் பிடுங்கி, ஏணியில் ஏறி இணைப்பு சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

கொளஞ்சியப்பன் பன்னிரண்டு நாள் கழித்துத் தாடியோடு வந்தார். நடந்ததைக் கேட்டு, "செத்திருந்தா?" என்று கத்தினார். பிறகு சாப்பிட்டுவிட்டு, தானாகவே போய் நான்காவது கழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இளவரசன் வருவதற்கு மேலும் ஒரு வாரம் ஆனது. மறியலின்போது சில ஊர்களில் தலித் காலனி வீடுகள் எரிந்த சேதி, காலனிக்காரனான அவன் காதுக்கும் போயிருந்தது. சைக்கிளில் வந்தவன் சாலையிலேயே நின்று, கொளஞ்சியப்பன் முகத்தைப் பார்த்தான். அம்சவள்ளி அதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா அங்கியே நிக்கிற? வா, உன் ஜாயிண்ட வந்து பாரு."

கொளஞ்சியப்பன் ஏணியைத் தூக்கி வந்து கழியில் சாய்த்தார்.

அவள் வெட்டி எடுத்து வைத்திருந்த தீய்ந்துபோன துண்டை இளவரசன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் தப்புதாங்கம்மா. அவசரத்துல பண்ணிட்டேன்."

"தப்பு கெடக்கட்டும். அலுமினியம் ஏன் மாவாச்சு? செம்பு ஏன் ஆவல? அத்தச் சொல்லு."

அவன் யோசித்துப் பார்த்தான். "தெரிலங்கம்மா. சேக்கக் கூடாதுன்னு தெரியும். ஏன்னு தெரியாது."

அன்றே புதுக் கம்பியை முழுசாக இழுத்துக் கொடுத்தான். தீய்ந்த துண்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு மாதம் கழித்து, வேலை எதுவும் இல்லாமலே, கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தான். தொழிற்பயிற்சி நிலையத்து வாத்தியார் ஒருவரிடம் கேட்டிருக்கிறான். ரெண்டு உலோகமும் ஒட்டியிருக்கும்போது ஈரம் பட்டால் ஒன்றை ஒன்று அரிக்குமாம், அதில் அலுமினியம்தான் கரையுமாம். அதைச் சொல்லத்தான் வந்தான்.

"ஏன் அலுமினியம் மட்டும்?" என்றாள் அம்சவள்ளி.

"ஐயோ, அத்தக் கேக்க மறந்துட்டேங்க!"

அதன்பிறகு அக்கம்பக்கத்தில் மோட்டார் ஓடாத கிணறுகளுக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் பெண்கள்தான் கூப்பிட்டார்கள், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து. பிறகு ஆண்களே வந்தார்கள். பெரிய வேலையென்றால் இளவரசனும் அவளும் சேர்ந்து போவார்கள். அவன் சொல்லித்தான் 1994-இல் வயர்மேன் உதவியாளர் தேர்வு எழுதப் போனாள். நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

தேர்வு அதிகாரி, "எர்த் கம்பி எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"கரண்டு வழி தவறி மோட்டார் உடம்புல ஏறிட்டா, நம்ம உடம்பு வழியாப் போவாம மண்ணுக்குள்ள போய்டறதுக்குங்க."

"சரி."

"ஆனா ஒரு சந்தேகம் சார். மண்ணுக்குள்ள போனது அப்புறம் எங்க போவுது?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். வெளியே காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். அம்சவள்ளி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.