இன்மை அறிக்கை

மாவட்டத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும் ரேணுகாதேவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எரிச்சல் அப்புறம் வந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் காவல் நிலைய எல்லையில் பிராணிகளை வதைத்ததற்காகக் கைதானவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுவாரியாகக் கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: கைது ஏதும் இல்லையெனில் 'இன்மை அறிக்கை' அனுப்பவும். அதாவது, இல்லை என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்ப வேண்டுமாம். சர்க்காருக்கு இல்லாததுகூடக் காகிதத்தில் இருந்தாக வேண்டும்.

ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஒரு சின்ன போலீஸ் ஸ்டேஷனில் அவள் ரைட்டர். ஸ்டேஷனுக்கு வருகிற வம்பு வழக்கு அத்தனைக்கும் காகிதம் போடுகிற ஏட்டு என்று அர்த்தம். பிறந்தது நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பத்து வீடு உள்ள ஊர். அப்பா சாமை விதைப்பார், அம்மா புளி தட்டுவாள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, போலீஸ் தேர்வில் எல்லாரையும் முந்தி ஓடி, வேலைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதுவே வினையாகப் போயிற்று. "நீ எழுதினா கோர்ட்ல ஒரு கேள்வி கேக்க மாட்டேன்றாங்க, நீயே எழுது" என்று நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் அப்புறம் எழுந்திருக்கவே விடவில்லை.

கோபம் மூக்கு நுனியில் நிற்கும். புருஷன் பஞ்சாட்சரம் மலையிலிருந்து போளூருக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தே அன்றைக்கு ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவான். மாதத்தின் முதல் தேதி என்றால் வாயே திறக்க மாட்டான். அன்றைக்குத்தான் மாதக் குற்ற அறிக்கை கீழே போகும் நாள்.

அந்தப் படிவத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொலைக்கு ஒரு கட்டம், திருட்டுக்கு ஒரு கட்டம், சாராயத்துக்கு ஒன்று, சூதாட்டத்துக்கு ஒன்று. வாயில்லா ஜீவனை அடித்துக் கொன்றவனுக்குக் கட்டம் கிடையாது. அவன் கடைசியில் 'இதர சட்டங்கள்' என்கிற ஒரே கட்டத்தில், மற்ற சில்லறை வழக்குகளோடு ஒட்டிக்கொண்டு போவான். ஒரே சண்டையில் ஒருத்தன் மனுஷனையும் அடித்து மாட்டையும் அடித்தால், பெரிய குற்றம் எதுவோ அது மட்டும்தான் கணக்கில் ஏறும். மாடு அங்கேயே நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு ஆட்டின்மேல் ஒருத்தன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிய வழக்கு, அப்படித்தான் ஒரு மாதம் வெறும் வாய்த்தகராறாகக் கீழே இறங்கிற்று. அன்று வந்த ஆத்திரத்தில் அவள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினாள். பிராணியை வதைத்ததற்காக ஸ்டேஷனுக்கு இழுத்துவந்த ஒவ்வொருவனையும் அதில் தனியாக எழுதினாள்: பெயர், தேதி, எந்தப் பிராணி, என்ன செய்தான், கடைசியில் என்ன வழக்காகப் போட்டோம். நாலு வருஷத்தில் பதினேழு பேர் சேர்ந்திருந்தார்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் மிருகவதைச் சட்டத்தின்கீழ் ஒருத்தன்கூட இல்லை.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டே மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"ரிஜிஸ்டர்ல இன்னா கீதோ அத்த மட்டும் எழுதுங்கம்மா" என்றது மறுமுனை. "உங்க நோட்டுல கீறதெல்லாம் நமக்கு வாணாம். பேஜாரு."

"ஆளப் புடிச்சோமா இல்லியா சார்?"

"புடிச்சிருப்பீங்க. கட்டத்துல இல்லியே. இன்மைன்னு போட்டு அனுப்புங்க, வேலை முடியும்."

கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எஸ்.ஐ. சிவசங்கரி ஒரு ஆளையும் ஒரு கழுதையையும் கொண்டுவந்து சேர்த்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், சட்டப் புத்தகத்தை இன்னும் நம்புகிறவள். ஆள் கண்ணாயிரம், அடிவாரத்துக்காரன். ஜீப் போகாத ஊர்களில் கட்டுகிற வீடுகளுக்குச் சிமெண்ட் மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோவது அவன் தொழில். சட்டப்படி ஒரு கழுதைக்கு ஒரு மூட்டை. அவன் மூன்று ஏற்றியிருந்தான். ஏற்றத்தில் அது படுத்துவிட, ஆணி அடித்த கோலால் குத்திக்கொண்டிருந்தபோது சிவசங்கரி அந்த வழியாக வந்திருக்கிறாள்.

"இன்னா ஏட்டம்மா இது அநியாயம்?" என்றான் கண்ணாயிரம். "கழுதைய அடிச்சதுக்கு ஸ்டேஷனா? அடிக்காம பின்ன மடியில வெச்சிக் கொஞ்சுவாங்களா?"

"மூடு வாய! அந்தக் கோலால உன் முதுகுல ஒண்ணு வெச்சிப் பாக்கட்டா?"

வெளியே வந்து கழுதையைப் பார்த்தாள். முதுகில் கை வைக்க இடமில்லை. பழைய காயம், அதன்மேல் புதுக்காயம், எல்லாவற்றின்மேலும் சிமெண்ட் தூள். இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. அந்தக் காதைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீர் என்றது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன்!

கால்நடை ஆய்வாளர் ராஜேஷ் வந்து காயத்தைக் கழுவி மருந்து போட்டார். எழுந்தபோது முகம் சரியில்லை.

"மேடம், இத்த மறுபடியும் அவன்கிட்ட குடுத்தா மழைக்காலம் தாண்டாதுங்க. முதுகு புண்ணு எலும்பு வரைக்கும் போய்டுச்சு. ஆறு மாசம் சும்மா வுட்டா பொழச்சிக்கும். எங்க ஆஸ்பத்திரி பின்னாடியே கட்டிக்கிறேன், நானே பாத்துக்கறேன்."

"வழக்கு முடிஞ்சா ஓனருக்குத்தானே திருப்பிக் குடுப்பாங்க?" என்றாள் ரேணுகாதேவி.

"ஒரு வழி இருக்குக்கா" என்றாள் சிவசங்கரி. "இதே சட்டத்துல முன்ன ஒரு தடவை தண்டனை வாங்கியிருந்தான்னா, கழுதைய அவன்கிட்ட இருந்து எடுத்துடச் சொல்லி கோர்ட்ல கேக்கலாம். இந்த ஆளு புதுசா, பழசா?"

ரேணுகாதேவி உள்ளே ஓடினாள். நோட்டைப் புரட்டினாள். இதோ, இரண்டு வருஷத்துக்கு முந்திய கார்த்திகை மாதம்: கண்ணாயிரம். கழுதை. இடது காது கிழிந்திருக்கிறது. இரும்புக் கம்பி.

"மாட்டிக்கினான்!" என்று கத்தியேவிட்டாள். "கோர்ட்டுக்குப் போய் ஃபைன் கட்டினவன்தான் மேடம் இவன்!"

சொல்லிக்கொண்டே கண் அந்த வரியின் கடைசிக்கு வந்தது. 'போட்ட வழக்கு: குடிபோதை, பெட்டி கேஸ்.'

பெட்டி கேஸ் என்கிற சில்லறை வழக்குகளின் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தாள். பொது இடத்தில் குடித்துவிட்டுப் பொதுமக்களுக்கு இடையூறு செய்ததாக நாலே வரி. கழுதை என்கிற சொல்லே அதில் இல்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அவளுடைய எழுத்து.

அந்தச் சாயங்காலம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. மிருகவதை வழக்கு என்றால் மூட்டையை எடை போட வேண்டும், டாக்டர் சான்று வாங்க வேண்டும், கழுதையை எங்கேயாவது கட்டித் தீனி போட வேண்டும். அந்த மாதம் பெட்டி கேஸ் எண்ணிக்கை வேறு குறைவாக இருந்தது, அப்போதிருந்த எஸ்.ஐ. காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். வாசலில் பஞ்சாட்சரம் கடைசி ஜீப்பை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவளும் மனுஷிதானே, அலுத்துப்போயிருந்தாள். நாலு வரி எழுதிக் கண்ணாயிரத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறினாள். மறுநாள் வந்து நோட்டில் மட்டும் உண்மையை எழுதிவைத்தாள். இப்படி ஒரு கோணங்கித்தனத்தை வேறு எவனாவது செய்திருந்தால் அவனை அவள் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ஆனாலும் விட மனசில்லை. வாய்தா அன்று நோட்டையும் பெட்டி கேஸ் பதிவேட்டையும் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கீழே கோர்ட்டுக்குப் போனாள். அரசு வழக்கறிஞர் கோகுலகிருஷ்ணன் பொறுமையானவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த நோட்டு யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"இந்தப் பெட்டி கேஸ்?"

"அதுவும் நான்தான் சார்."

"இதுல குடிச்சான்னு இருக்கு. அதுல கழுதைய அடிச்சான்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கையெழுத்து. ஜட்ஜ் எத நம்பணும்? நீங்களே சொல்லுங்க."

நோட்டைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் திணித்தாள்.

சிவசங்கரி வழக்கை ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள்; எடைச் சீட்டு, ராஜேஷின் துறை கொடுத்த சான்று, ஆணிக்கோல் எல்லாம் இருந்தன. கண்ணாயிரம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முன் தண்டனை உண்டா என்று நீதிபதி கேட்டார். இந்தச் சட்டத்தின்கீழ் இல்லை என்றார் கோகுலகிருஷ்ணன். முதல் குற்றம் என்றால் அந்தச் சட்டத்தில் அதிகபட்சமே ஐம்பது ரூபாய்தான், ஒரு பிரியாணிக்குக்கூடக் காணாது. ஐம்பது ரூபாய் அபராதம், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தீர்ப்பாயிற்று. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் கண்ணாயிரம் அவளைப் பார்த்து நின்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"ஏட்டம்மா, ஒண்ணு கேக்கட்டா? போன வாட்டி நான் ஐயப்பனுக்கு மால போட்டிருந்தேன். கறுப்பு வேட்டிதான் கட்டிக்கினு இருந்தேன், நீங்களும் பாத்தீங்க. குடிச்சேன்னு எழுதிட்டீங்களே, ஏன்?"

"நீ ஏன்டா கையெழுத்துப் போட்ட?"

"போட்டா வூட்டுக்குப் போலாம்னு நீங்கதான சொன்னீங்க. அப்பிடி கையெழுத்துப் போட்டது பாவம்னு அந்த வருஷம் நான் சபரிமலைக்கே போவல."

கண்ணாயிரம் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

மலையேறி ஸ்டேஷனுக்கு வந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மாவட்டக் கடிதத்துக்குப் பதில் எழுதினாள்: தங்கள் கடிதத் தேதிவரை பிடிக்கப்பட்டவர்கள் பதினேழு பேர், பதிவேட்டில் இன்மை, பதினேழும் வேறு பிரிவுகளில் என் கையாலேயே எழுதப்பட்டவை. கீழே பெயர், பதவி, தேதி. தலை போனாலும் போகட்டும் என்றுதான் அனுப்பினாள். தலை போகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பத்தாம் நாள் அதே காகிதம் திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில், 'உரிய படிவத்தில் இல்லை. இன்மை எனக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்பவும்.' என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒருத்தரும் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்குப் போய் அழுவியா?" என்றான் பஞ்சாட்சரம்.

"நீ அன்னிக்கி அந்தப் பாழாப்போன ஹாரன அடிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்தினாள். எழுதினது அவன் இல்லையே.

சிவசங்கரிதான் ஆறுதல் சொன்னாள். "வுடுங்கக்கா. இப்ப சரியான சட்டத்துல ஒரு தண்டனை பதிவாயிடுச்சு. இனிமே அவன் ஒரு தடவை கை வெச்சாலும் கழுதைய எடுத்துடலாம்."

நல்ல சேதி என்றுதான் அப்போது தோன்றியது.

மழைக்கு முந்திய வாரம் ஒரு சம்மன் கொடுக்க நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் நடந்துபோனாள். எதிரில் கண்ணாயிரம் வந்தான். கழுதைமேல் ஒரே ஒரு மூட்டை. கையில் கோல் இல்லை, ஒரு பச்சைக் குச்சிதான் இருந்தது.

"வணக்கம் ஏட்டம்மா. எண்ணிக்கோங்க, ஒண்ணுதான்."

அவள் கழுதையைச் சுற்றி வந்தாள். நடை தடுமாறியது. மூட்டைக்கு அடியில் விரித்திருந்த சாக்கை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். ராஜேஷ் மருந்து போட்ட அதே புண் ஆறாமல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அது பழசு, அதற்குத் தண்டனை முடிந்துவிட்டது. விலாவைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள், குனிந்து வயிற்றுக்கு அடியில் பார்த்தாள். புதிதாக ஓர் அடி, ஒரே ஒரு கீறல் இருந்தால் போதும், இன்றைக்கே கழுதையை அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம். இல்லை. எங்கேயும் இல்லை.

"இன்னா ஏட்டம்மா தேடுறீங்க?" என்றான் கண்ணாயிரம்.

அப்போதுதான் தான் என்ன தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. சாக்கைக் கீழே விட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "போ."