முன் பிரேக்: பிரிக்பீல்ட்ஸிலிருந்து டெங்கில் வழியாகக் காப்பாருக்கு

இந்தப் பயணத்தில் படம் பிடித்துப் போட எந்த இடமும் இல்லை. டெங்கிலில் ஒரு தார்த் தளம், காப்பார் சாலையில் ஒரு முச்சந்தி, அதைத் தாண்டி என் தங்கை வாழ்ந்த வீடு. போன மாதம் ஒரு சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளில், போக வர 166 கிலோமீட்டர். மோட்டார் ஓட்டுகிறவர்களும், வீட்டில் யாருக்காவது ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்களும் படித்தால் போதும்.

என் தங்கை பெயர் கலைவாணி, வீட்டில் கலா. எனக்கு ஒன்பது வயது இளையவள். கல்யாணமாகிக் காப்பாருக்குப் போனாள். வேலை கிள்ளானில், ஒரு கிளினிக்கின் முகப்பில். பஸ்ஸை நம்பினால் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது என்று ஒரு சின்ன மோட்டார் புதிதாக வாங்கினாள். லைசென்ஸ் எடுத்தும் சாலைக்குப் போகப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய், பள்ளித் திடலில் வைத்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது சொன்னேன்: "முன் பிரேக்கை மட்டும் தொடாதே. தொட்டா தூக்கி எறிஞ்சிடும். எதுவா இருந்தாலும் காலால பிடி."

அது புத்தகத்தில் படித்ததல்ல. பதினெட்டு வயதில் மணல் கிடந்த வளைவில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்து விழுந்து, காறை எலும்பை உடைத்துக்கொண்டவன் நான். அன்றிலிருந்து என் வலது கை அந்த லீவரை மறந்தே போனது. அந்தப் பயத்தைத்தான் அனுபவம் என்று நினைத்து அவளுக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, ஏழு பத்துக்கு, காப்பார் சாலை முச்சந்தியில், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் பார்க்காமல் வெளியே வந்தது. கலா பிரேக் பிடித்தாள். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. காரின் பின் கதவில் மோதினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். போலீஸ் வரைந்த படத்தில் டயர் தேய்ந்த கோடு பத்தொன்பது மீட்டர்.

நொறுங்கிய மோட்டாரைப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் பார்க்கப் போனேன். முன் சக்கரத்தின் பிரேக் பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெக்கானிக் கேட்டார்: "மூணு வருஷ வண்டிங்கிறீங்க, இது புதுசு மாதிரி இருக்கே அண்ணே. அக்கா முன் பிரேக்கே பிடிச்சதில்லையா?"

"தெரியல" என்றேன்.

அந்தப் பொய்யோடு இரண்டு வருடம் இருந்தேன். எல்லோரும் கார்க்காரரைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. கலாவின் கணவர் சரவணன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் அவர் திடீரென்று அழைத்து, "கலாவுக்கு ரெண்டாம் வருஷச் சாமி கும்பிடுறோம் மச்சான், வந்துடுங்க" என்றார். அதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்வதற்கு முன், நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று எனக்கே தெரிய வேண்டும். அதனால்தான் முதலில் டெங்கிலில் ஒரு பிரேக் பயிற்சி வகுப்பு.

காலை 6.20க்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினேன். பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் நாலு ரிங்கிட் ஐம்பது சென். பெட்ரோல் பத்து ரிங்கிட்டுக்குப் போட்டது வீடு திரும்பும் வரை வந்தது. நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்கு டோல் கிடையாது. டெங்கிலுக்கு 42 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் போனால் சுகமான சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. 7.25க்குச் சேர்ந்தேன்.

வகுப்பு ஒரு பழைய கிடங்கின் பின்னால், லோரிகள் நிறுத்திய தார்த் தளத்தில். கட்டணம் 150 ரிங்கிட், எட்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, அவரவர் வண்டியில். எட்டுப் பேர் வந்திருந்தோம். பயிற்சி கொடுத்தவர் மேரி, சுங்கை வேயில் வளர்ந்தவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

முதல் வேலை, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கூம்பு வைத்த இடத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன். வண்டியின் வால் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மேரி டேப் வைத்து அளந்தார். இருபத்தாறு மீட்டர்.

"இப்ப ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க."

என் விரல்கள் லீவர்மேல் போகவே மறுத்தன. இரண்டு முறை பிடிக்காமலே கூம்பைத் தாண்டிப் போய்விட்டேன். மேரி பக்கத்தில் வந்தார்.

"பயமா அண்ணே?"

"தூக்கி எறிஞ்சிடும்ல?"

"டக்குன்னு பிடுங்கினா, மணல்ல பிடிச்சா, வளைவுல சாஞ்சுக்கிட்டே பிடிச்சா விழுவீங்க லா. நேரா வரும்போது எலுமிச்சம்பழம் பிழியிற மாதிரி பிடிங்க. முதல்ல லேசா. வண்டி வெயிட் முன்னாடி வந்து உக்காரும், உங்களுக்கே தெரியும். அப்புறம் இறுக்குங்க. கண்ணு தூரத்துல இருக்கணும், கீழே பார்க்காதீங்க. நிறுத்துறது முன் சக்கரம்தான் அண்ணே. பின் பிரேக் துணைக்கு."

மூன்றாவது முறை பிடித்தேன். வண்டியின் முன்பக்கம் அமுங்கியது, தலை குனிந்தது, நின்றுவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் நின்றது எனக்கே புரியவில்லை. பதினைந்து மீட்டர்.

மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கலா வழுக்கிய பத்தொன்பது, பதினைந்துக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் இருக்கிறது: இரண்டையும் பிடித்திருந்தால் காருக்கு முன்பே நின்றிருப்பாள். கணக்கு அவ்வளவுதான். அதைப் போட நாலாம் வகுப்புப் படிப்பு போதும்.

இடைவேளையில் மேரி தண்ணீர் பாட்டிலோடு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"அவங்க என்ன வேகத்துல வந்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"ரோடு ஈரமா?"

"ராத்திரி மழை பெய்ஞ்சிருந்துச்சு."

"அப்ப அந்த நம்பரை வச்சுக் கணக்குப் போடாதீங்க அண்ணே. தப்பாச் சொல்லிக் கொடுத்தீங்க, அது உண்மை. பிழைச்சிருப்பாங்களான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இன்னும் பத்து தடவை பிடிக்கணும். வாங்க" என்றார்.

பிடித்தேன். பத்தல்ல, இருபது தடவை இருக்கும்.

ஒரு மணிக்குக் கிளம்பி பந்திங் வழியாகக் கிள்ளான். என் மீட்டரில் 57 கிலோமீட்டர். வழியில் மழை பிடித்து ஒரு மேம்பாலத்தடியில் நாற்பது நிமிடம் மற்ற மோட்டார்க்காரர்களோடு நின்றேன். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு பதின்மூன்று ரிங்கிட். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அங்கிருந்து காப்பார் 16 கிலோமீட்டர்தான், ஆனால் லோரிகள் அதிகம், ஓரத்தில் மணல் சேர்ந்து கிடக்கும், பார்த்துப் போங்கள்.

அந்த முச்சந்தியில் 4.35க்கு நிறுத்தினேன். எந்த அடையாளமும் இல்லை. டயர் கோட்டின் மேல் புதுத் தார் போட்டிருக்கிறார்கள். சந்திலிருந்து ஒரு கார் வந்தது, நின்றது, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

சரவணன் வீட்டுக்கு ஐந்து மணி. அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கைலியோடு வந்து கேட்டைத் திறந்தார். உட்கார்ந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பள்ளித் திடல், நான் சொன்ன வார்த்தை, பிரேக் பேட், மெக்கானிக்கிடம் சொன்ன பொய், எல்லாம்.

"அந்தப் பேட் விஷயம் எனக்குத் தெரியும் மச்சான்" என்றார்.

"ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்களா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். வண்டி வாங்கி ஒரு வருஷத்துல சர்வீஸ் பண்ணப்போ நானே பார்த்தேன். ஏன்மா முன் பிரேக் பிடிக்கிறதில்லைன்னு கேட்டேன். அண்ணன் தொடக்கூடாதுன்னு சொல்லிச்சுன்னு சொன்னா. அது தப்பு, ரெண்டையும் பிடிக்கணும்னு சொன்னேன். 'எங்கண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்'னு சிரிச்சா. நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்." கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பிரேக் பார்க்கிறதுதான் மச்சான் என் வேலையே. ஒரு ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் கேட்டேன், "ஏன் மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்குவீங்களா? அதான் போன்கூடப் பண்றதில்ல. பண்ணினா வாய் தவறி வந்துடுமோன்னு."

இரண்டு வருடமாக என்மேல் கோபமோ என்றுகூட ஒரு சந்தேகம் இருந்தது. அந்த மனிதர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் இருவரும் அழுதோம். நான் இதை எழுத வெட்கப்படவில்லை. அழுது முடித்த பிறகும் எதுவும் லேசாகிவிடவில்லை. தனியாகத் தூக்கியதை இரண்டு பேர் தூக்குகிறோம், அவ்வளவுதான். எடை அதேதான்.

அவர் மீன் பொரித்தார், சாப்பிட்டோம். 6.40க்குக் கிளம்பி, ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார்ப் பாதை வழியாக 51 கிலோமீட்டர், எட்டு மணிக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: காப்பார் சாலையைப் பிற்பகல் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். டெங்கில் வரை போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, வண்டி நடமாட்டமில்லாத, காய்ந்த, நேரான ஒரு தளம் போதும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். வண்டியைச் சாய்த்திருக்கும்போது அழுத்திப் பிடிக்க வேண்டாம், முதலில் நிமிர்த்துங்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆபத்தில் யோசிக்க நேரமிருக்காது, கை எதைப் பழகியதோ அதைத்தான் செய்யும். இன்று வீட்டில் இருக்கும் மோட்டாரின் முன் பேட்டை ஒரு முறை குனிந்து பாருங்கள். தேயாமல் இருந்தால், ஓட்டுகிறவரிடம் அன்றைக்கே பேசுங்கள். சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

சாமி கும்பிடும் நாளில் வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் இதை நானே சொன்னேன். பாதிப் பேர், தாங்களும் முன் பிரேக்கைத் தொடுவதில்லை என்றார்கள். அவர்களில் ஆறு பேர் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கலா போனதிலிருந்து மோட்டாரில் ஏறாத சரவணனும் வருகிறார், ஓட்ட அல்ல, காரில் வந்து பார்க்க மட்டும். மேரியிடம் கேட்டேன், பார்க்க வருகிறவருக்குக் கட்டணம் உண்டா என்று. "டேப் பிடிக்க ஒரு ஆள் வேணும் அண்ணே, வரச் சொல்லுங்க" என்றார்.